கிட்டங்கி முதல் தவறணை வரை: மதுவரிப் பொருள்களின் நகர்வைக் கணினியில் பதியும் முறையை ஒரு சங்கத்தில் அறிமுகப்படுத்துதல்

யாழ்ப்பாணத்துப் பனை தென்னை வளச் சங்கங்களில், கள்ளு சேர்க்கும் நிலையத்திலிருந்து, கள்ளு விற்கும் இடமான தவறணைக்கும், போத்தலில் அடைக்கும் இடத்துக்கும், வடிசாலைக்கும் சரக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஏற்றி அனுப்பியவர் எழுதிய கணக்கு ஒரு கொப்பியிலும், இறக்கி எடுத்தவர் எழுதிய கணக்கு இன்னொரு கொப்பியிலும் இருக்கும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேர மாத முடிவாகிவிடும். கணினி முறை ஒன்றைக் கொண்டுவர நினைக்கும் சங்கம், அந்த இரண்டு கணக்கையும் அன்றைக்கே ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா என்ற ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும். முடியாதென்றால், அனுப்பியதை எவ்வளவு அழகாக அச்சிட்டுத் தந்தாலும் அந்த மென்பொருள் பழைய கொப்பியின் வேலையைத்தான் செய்யும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கணக்கெழுதிய சங்கமொன்றில், ஒரு பருவம் முழுவதும், தவறணை ஒன்றுக்குப் போன கள்ளில் நாளொன்றுக்கு ஆறேழு லீற்றர் குறைந்துகொண்டே வந்தது. மாதக் கணக்குப் பார்க்கும்போது அது பெரிய தொகையாகத் தெரிந்தது. பழி வாகனச் சாரதியின் மேல் விழுந்தது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் வேலையை விட்டுப் போனார். பிறகு ஒரு காலையில் இரண்டு இடத்திலும் நின்று பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. ஏற்றும் இடத்தில், முட்டியிலிருந்து வடிகட்டி ஊற்றிய கள்ளை நுரையோடு சேர்த்து அளந்தார்கள். தவறணையில் நுரை அடங்கிய பிறகு அளந்தார்கள். சாரதி ஒரு துளியும் எடுத்திருக்கவில்லை. அந்த வேறுபாடு முதல் நாளே கண்ணில் பட்டிருந்தால், மூன்றாம் நாள் யாராவது அளக்கும் இடத்தில் போய் நின்றிருப்பார்கள். ஆகவே இந்த முறை திருட்டைப் பிடிப்பதற்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். குற்றமற்றவரைக் காப்பதற்கும் அதுவே சான்று.

இந்த வகையில் உலகில் நன்கு பழகிய முன்மாதிரி ஐரோப்பிய ஒன்றியத்தின் மதுவரிப் பொருள் நகர்வுக் கட்டுப்பாட்டு முறைமையாகும். மதுசாரம், புகையிலை, எரிபொருள் ஆகியவை தீர்வை செலுத்தப்படாத நிலையில் ஒரு களஞ்சியத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, முன்பு தாள்வடிவப் பத்திரம் கூடவே போயிற்று. அதைக் கணினிக்கு மாற்றுவதென்ற தீர்மானம் 2003 இல் எடுக்கப்பட்டது. முறைமை 2010 ஏப்ரல் 1 இல் தொடங்கியது. 2011 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. தீர்வை செலுத்திய பிறகு வணிகத்துக்காக வேறோர் உறுப்பு நாட்டுக்குப் போகும் சரக்கு 2023 பெப்ரவரி 13 இல்தான் அதற்குள் வந்தது. அத்தனை வளமுள்ள நாடுகளே படிப்படியாகச் சென்றிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஒரே பருவத்தில் எல்லாத் தவறணைகளையும் கணினிக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது உங்கள் பணிப்பாளர் சபைக்கு வாக்குக் கொடுத்தால் அதை ஏற்க வேண்டாம்.

அந்த முறைமை இயங்கும் விதம் எளிமையானது. அனுப்புபவர் சரக்கின் வகை, அளவு, பெறுநர், வாகனம், பயணத்துக்கு எடுக்கும் காலம் ஆகியவற்றைப் புறப்படுவதற்கு முன்பே பதிகிறார். கணினி அவற்றைச் சரிபார்த்து, குறிப்பாகப் பெறுநர் அந்தப் பொருளைப் பெற உரிமமுள்ளவரா என்று பார்த்து, 21 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு தனி இலக்கத்தை வழங்குகிறது. சரக்கு சேர்ந்ததும் ஐந்து வேலைநாள்களுக்குள் பெறுநர் பெறுகை அறிக்கையை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை வரும்வரை நகர்வு திறந்தே இருக்கிறது. தீர்வைக்கான பொறுப்பும் அனுப்பியவரின் தலையிலிருந்து இறங்குவதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசிப் பகுதியையே. ஆனால் ஐந்து நாள் என்பது போத்தலில் அடைத்த சாராயத்துக்குப் பொருந்தலாம், கள்ளுக்குப் பொருந்தாது. மரத்திலிருந்து இறக்கும்போதே புளிக்கத் தொடங்கியிருக்கும் கள்ளு மறுநாள் விலைப்படாத புளிப்பாகிவிடும். அதன் பெறுகை அன்றைக்கே, இறக்கிய கையோடு பதியப்பட வேண்டும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்பு சட்டத்தின் நிலையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இலங்கையில் மதுவரிப் பொருள்களைக் கொண்டுசெல்வது 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. சங்கம் தனக்காக அமைக்கும் கணினிப் பதிவு மதுவரித் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டுக்கு ஈடாகாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்திருப்பது உண்மையே; ஆனால் வீதியில் வாகனத்தை மறிக்கும் அலுவலர் கேட்பது திணைக்களம் தந்த சீட்டைத்தான். ஆகவே சீட்டின் இலக்கத்தை உங்கள் பதிவுக்குள் ஒரு கட்டாயத் தகவலாகச் சேர்த்து, அது இல்லாமல், ஒவ்வோர் அனுப்புகைக்கும் கணினி தரும் நகர்வு இலக்கம் பிறக்காதபடி அமையுங்கள். உங்கள் திட்டத்தை மதுவரி அத்தியட்சகர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் எந்த வடிவில் மாதாந்த விவரம் விரும்புகிறார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் அட்டவணைகளைத் திரும்பவும் அமைக்க நேரிடும். சாராயப் போத்தலில் ஒட்டப்படும் பாதுகாப்பு முத்திரை வேறொரு காரியம்; அது போத்தல் உண்மையானதா என்று காட்டுமே தவிர, எந்தக் கிட்டங்கியிலிருந்து (களஞ்சியத்திலிருந்து) எப்போது எங்கே போனது என்ற உங்கள் கணக்கை முடித்துத் தராது.

அடுத்தது கொப்பிகளைத் திருத்துவது. கணினி வாங்குவதற்கு முன்பு ஒரு மாதக் கொப்பிகளை எடுத்து, ஒவ்வோர் அனுப்புகைக்கும் அதற்குரிய பெறுகை எங்கே இருக்கிறது என்று கோடு போட்டு இணையுங்கள். இணையாமல் நிற்பவற்றைத் தனியே எழுதுங்கள். ஒரே தவறணை மூன்று பெயரில் எழுதப்பட்டிருப்பதையும், சில இடத்தில் போத்தல் கணக்கிலும் சில இடத்தில் லீற்றர் கணக்கிலும் இருப்பதையும், திரும்பி வந்த வெற்றுக் கொள்கலன்களுக்குக் கணக்கே இல்லாததையும் அப்போது காண்பீர்கள். இந்தக் குழப்பத்தை அப்படியே கணினிக்குள் ஏற்றினால் அது வேகமாகப் பரவும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறியீடு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு, ஒரே அலகு லீற்றர், போத்தலென்றால் அதன் கொள்ளளவும் எண்ணிக்கையும் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் மென்பொருள் செய்பவரை அழைக்க வேண்டும்.

எதை எவ்வளவு நுணுக்கமாகப் பின்தொடர்வது என்பதில் பலர் பிழை விடுகிறார்கள். சீவல் தொழிலாளி ஒருவர் காலையும் மாலையும் இறக்கும் ஒவ்வொரு முட்டிக்கும் குறியீடு ஒட்ட முனைந்தால், மரத்தடியிலேயே முறை செத்துப்போகும். சேர்க்கும் நிலையத்தில் உறுப்பினர் இலக்கமும் அளவும் பதிந்தால் போதும். அதிலிருந்து தவறணைக்குப் போகும்போது ஒரு வாகனத்தின் ஒரு பயணம் ஒரு நகர்வாகட்டும். வடிசாலைக்குப் போகும் கள்ளுக்கும், வடிசாலையிலிருந்து வெளியேறும் மதுசாரத்துக்கும் கொள்கலன் வாரியாகப் பதியுங்கள். போத்தலில் அடைத்த சரக்குக்குப் பெட்டி வாரியாக, அடைத்த தொகுதியின் இலக்கத்தோடு பதியுங்கள். தீர்வையின் பாரம் எங்கே கூடுகிறதோ அங்கே நுணுக்கமும் கூட வேண்டும் என்பது என் கருத்து.

அளவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிணக்குகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. கள்ளுக்கு, ஊற்றி முடித்து நுரை அடங்கும்வரை காத்திருந்து, இரு முனையிலும் ஒரே வகை அளவுப் பாத்திரத்தால் அளப்பதென்ற ஒரு விதி போதும். மதுசாரத்துக்கு அது போதாது. திரவம் சூட்டில் விரியும்; 60 சதவீத மதுசாரம் 20 பாகை செல்சியசிலிருந்து 30 பாகைக்குச் சூடேறினால் அதன் கனவளவு நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். விடியற்காலையில் 4,000 லீற்றர் ஏற்றிய பௌசர் (தாங்கி வாகனம்) வெயிலில் நின்று நண்பகலில் இறக்கப்பட்டால், ஒருவரும் தொடாமலே 30 லீற்றருக்கு மேல் கூடுதலாகக் காட்டலாம். மாலை ஏற்றி மறுநாட் குளிரில் இறக்கினால் அதேபோலக் குறைவாகக் காட்டலாம். எனவே ஏற்றும்போதும் இறக்கும்போதும் கனவளவு, வெப்பநிலை, நீரமானியால் பார்த்த செறிவு ஆகிய மூன்றையும் பதிந்து, அவற்றிலிருந்து தூய அல்ககோல் எத்தனை லீற்றர் என்று கணினியே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். வெப்பநிலைக்கான கட்டத்தை ‘விருப்பமானால் நிரப்புக’ என்று விட்டுவிடாதீர்கள். விருப்பத்துக்கு விட்ட கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும்.

நகர்வு இலக்கத்தை எவ்வாறு அமைப்பது? ஐரோப்பிய இலக்கத்தில் முதல் இரண்டு இடம் ஆண்டு, அடுத்த இரண்டு நாட்டின் குறியீடு, பின்பு 16 இடங்கள், கடைசியில், பதிந்ததில் பிழையுண்டா என்று காட்டும் ஒரு சோதனை இலக்கம். நமக்கு அவ்வளவு நீளம் வேண்டாம். ஆண்டு, அனுப்பும் இடத்தின் குறியீடு, ஐந்து இலக்கத் தொடரெண், சோதனை இலக்கம் என்று வைத்தால் போதும். அந்தச் சோதனை இலக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். தவறணையில் மங்கிய விளக்கின் கீழ் ஒருவர் இலக்கத்தை வாசித்துச் சொல்ல, மறுமுனையில் இன்னொருவர் எழுதும்போது இரண்டு இலக்கம் இடம் மாறுவது அன்றாடம் நடப்பது. தொடரெண் 47209 என்று வைப்போம். வலப்புறத்திலிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் முறையே 2, 3, 4, 5, 6 ஆல் பெருக்கிக் கூட்டினால் 18, 0, 8, 35, 24 சேர்ந்து 85 வரும். அதை 11 ஆல் வகுக்க மிச்சம் 8. 11 இலிருந்து 8 ஐக் கழிக்க 3. ஆகவே முழு இலக்கம் 472093. யாராவது அதைத் தவறுதலாக 472903 என்று பதிந்தால், 47290 க்கு உரிய சோதனை இலக்கம் 5 ஆகையால், கணினி அந்த இடத்திலேயே மறுத்துவிடும். கழித்து வருவது 10 ஆனால் அந்தத் தொடரெண்ணை வழங்காமல் விட்டுவிடலாம். 11 ஆனால் 0 என்று கொள்ளலாம். கியூஆர் குறியீடாக அச்சிட்டுக் கைத்தொலைபேசியால் வாசிப்பது இன்னும் நல்லது. ஆனால் சீட்டு நனைந்தால் குறியீடு அழியும், அப்போது இலக்கம் கைகொடுக்கும்.

பெறுகையைப் பதியும் திரையை அமைக்கும்போது ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அனுப்பிய அளவைப் பெறுநருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டாம். காட்டினால், அளக்காமலே அதே எண்ணை எழுதி ‘சரி’ என்று அழுத்திவிடுவார்கள். சோம்பல் அதற்குக் காரணமன்று, வரிசையில் ஆள்கள் காத்து நிற்கும்போது யாரும் அப்படித்தான் செய்வார்கள். பெறுநர் தாம் அளந்ததைப் பதிந்த பிறகே இரண்டும் அருகருகே தோன்ற வேண்டும். முழுமையாக ஏற்றேன், குறைவோடு ஏற்றேன், ஒரு பகுதியை ஏற்கவில்லை, முழுவதையும் திருப்பினேன் என்ற நான்கு தெரிவுகள் வைத்து, முதலாவது தவிர்ந்தவற்றுக்குக் காரணம் எழுதாமல் மூட முடியாதபடி செய்யுங்கள். அனுப்பியவர் பெறுநரின் எண்ணையும், பெறுநர் அனுப்பியவரின் எண்ணையும் திருத்த எவ்வகையிலும் வழி இருக்கக் கூடாது. பிழையாகப் பதிந்துவிட்டால் பழையது அழியாமல் அதன் கீழே புதிய பதிவு வர வேண்டும். யார், எப்போது திருத்தினார் என்பதும் தெரிய வேண்டும்.

எவ்வளவு குறைவை இயல்பென்று ஏற்பது என்பதை நீங்களே அளந்து தீர்மானியுங்கள். வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ ஒரு சதவீதத்தை எடுத்து வைக்காதீர்கள். இரண்டு வாரம் ஒவ்வொரு வழித்தடத்திலும் இரு முனையிலும் ஒரே ஆள் நின்று அளந்தால், உங்கள் வீதியிலும் உங்கள் கொள்கலனிலும் எவ்வளவு போகிறதென்று தெரியவரும். அதற்கு மேற்பட்ட குறைவு வந்தால் முகாமையாளரின் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகட்டும். பயணத்துக்கு எதிர்பார்க்கும் நேரத்தையும் இதேபோலப் பதிந்து வையுங்கள். வரணியிலிருந்து மானிப்பாய்க்குப் போகும் வாகனம் நாள் முழுவதும் பெறுகை காட்டாவிட்டால், அதை மாத முடிவில் கேட்டுப் பயனில்லை.

இணையம் அறுந்துபோகும் நேரத்துக்கான ஏற்பாடு முறையின் உள்ளேயே இருக்க வேண்டும். நெடுந்தீவுக்குப் போத்தற்கள்ளு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிகள் குறிகாட்டுவான் இறங்குதுறைவரை வாகனத்தில் வந்து, அங்கே படகுக்கு மாறுகின்றன. கடலில் தொடர்பு கிடைக்கும் என்று நம்பி எதையும் அமைக்கக் கூடாது. கைத்தொலைபேசியிலுள்ள செயலி பதிவை உள்ளேயே வைத்திருந்து, தொடர்பு கிடைத்ததும் தானாக அனுப்ப வேண்டும். பதிந்த நேரமும் அனுப்பிய நேரமும் தனித்தனியே நிற்க வேண்டும். தொலைபேசியே பழுதானால் என்ன செய்வது என்பதற்கு, முன்கூட்டியே இலக்கமிட்ட மூன்று பிரதிக் கொப்பி ஒன்று ஒவ்வோர் இடத்திலும் பூட்டி இருக்கட்டும். ஐரோப்பிய முறைமையிலும் கணினி நின்றால் அதே விவரங்களைக் கொண்ட தாள்ப் பத்திரத்தோடு சரக்குப் புறப்படலாம். கணினி மீண்டதும் அதைப் பதிந்தாக வேண்டும். வாகனம் மாறினாலும், வழியில் சேருமிடம் மாறினாலும், அந்த மாற்றமும் அதே இலக்கத்தின் கீழ் பதியப்பட வேண்டும். சரக்குப் புறப்பட்ட பிறகு நகர்வை இரத்துச் செய்ய இடமளிக்காதீர்கள். திரும்பி வந்தால் திரும்பி வந்ததென்றே பதியுங்கள்.

உறுப்பினர் விவரங்களைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கம் பழையவர்களுக்கு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாகவும், புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கமாகவும் இருப்பதால் இரண்டையும் ஏற்கும்படி செய்ய வேண்டும்; ஆனால் நாளாந்தப் பதிவுக்கு அந்த இலக்கமே தேவையில்லை, உறுப்பினர் இலக்கம் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை மனத்திற்கொண்டு, தேவையற்றதைச் சேர்க்காதிருப்பதே நல்லது. ஒரு தொழிலாளி எவ்வளவு இறக்கினார், எவ்வளவு உழைத்தார் என்பது தவறணைத் திரையில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கக் கூடாது. அவருக்கு மட்டும், அன்று அவர் கொடுத்த அளவு தமிழில் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். விடியமுன் மரமேறி இறங்கியவருக்குத் தம் கணக்குத் தம் கையில் இருந்தால், இந்த முறை தமக்கு எதிராக வந்ததன்று என்பதை நாம் விளக்கிக் கூற வேண்டியிராது.

பயிற்சியை அலுவலகத்தில் கூட்டி வைத்துப் படம் காட்டி முடித்துவிடாதீர்கள். சேர்க்கும் நிலையத்தில், ஈரக் கையோடு, சரக்கு வரும் நேரத்தில் சொல்லிக்கொடுங்கள். திரையில் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். சொற்கள் நம்மவர் வழங்கும் சொற்களாக இருக்கட்டும். ‘இறக்கிய அளவு’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். ‘உள்வரு சரக்கிருப்பு உறுதிப்பாடு’ என்றால் எனக்கே விளங்காது. ஒவ்வோர் இடத்திலும் இருவருக்குப் பழக்குங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கணக்கு நிற்கக் கூடாது. ஒருவரின் கடவுச்சொல்லை மற்றவர் பாவிக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே தொடங்கும். அதை முதல் வாரத்திலேயே நிறுத்த வேண்டும்.

தொடங்கும் காலத்தைப் பருவம் பார்த்துத் தெரிந்தெடுங்கள். பனங்கள்ளு பெருகிவரும் மாதங்களில் புதிய முறையைப் புகுத்தினால் வரிசை நீளும், மனம் சலிக்கும். சரக்குக் குறைந்திருக்கும் மாரிகாலத்தில், ஒரு சேர்க்கும் நிலையமும் இரண்டு தவறணைகளும் கொண்ட ஒரே வழித்தடத்தில் தொடங்கி, கொப்பியையும் கணினியையும் சேர்த்து எழுதுங்கள். நாள்தோறும் மாலையில் இரண்டையும் ஒப்பிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். தொடர்ந்து முப்பது நாள், திறந்தபடி நின்ற நகர்வு ஒன்றும் இல்லாமல், எல்லா வேறுபாட்டுக்கும் காரணம் எழுதப்பட்டு நாள் முடிந்தால், அந்த வழித்தடத்தில் சங்கத்தின் சொந்தக் கொப்பியை நிறுத்தலாம். இடையில் ஒரு நாள் தவறினாலும் முப்பதை முதலிலிருந்து எண்ணுங்கள். அதன் பிறகு அடுத்த வழித்தடத்துக்குப் போகலாம். திணைக்களம் கேட்கும் பதிவேடுகளை மட்டும், அவர்கள் எழுத்தில் விடுவிக்கும்வரை, கையால் எழுதிக்கொண்டே இருங்கள்.